அவன் சொல்லாத அடி

எங்கள் கப்பல் பட்டறையில் தலையில் இடித்துக்கொண்ட ஒரு பையனோடு கிளினிக்கில் இருந்தேன். டாக்டர் கேட்டது வழக்கமான கேள்விதான். இதற்கு முன் தலையில் அடிபட்டிருக்கிறதா? நான் தமிழில் கேட்டேன். அவன் தரையைப் பார்த்தபடி, "ஒரே தடவைதாண்ணே, போன வருசம். அது அப்பவே சரியாப் போச்சு" என்றான். அதை ஆங்கிலத்தில் சொன்னேன். கூடவே, அவன் சொல்லாத ஒன்றையும் சொன்னேன். சில வாரங்களுக்கு முன் கம்பெனி லாரி திடீரென்று பிரேக் போட்டதில் பக்கவாட்டுக் கம்பியில் அவன் தலை மோதியது. அது எந்த ரிப்போர்ட்டிலும் இல்லை. சிங்கப்பூரில் நம் ஆட்கள் கூடும் தேக்காவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்கும்போது, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு எனக்கு மட்டும் சொன்னது.

அவனுக்கு ஆங்கிலம் அந்த அளவுக்குப் புரியும். லாரி என்று காதில் விழுந்ததும் திரும்பி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

ஒருவருக்காகப் பேசப் போனவன் அவர் சொன்னதை மட்டும் சொல்ல வேண்டும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கம்பெனி என்னை மொழிபெயர்க்க அனுப்பவில்லை. நான் சேஃப்டி கோஆர்டினேட்டர், வேலையிடப் பாதுகாப்பைப் பார்ப்பவன். தலையில் அடிபட்டவனைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒன்றை டாக்டரிடம் மறைத்துவிட்டு, மறுநாள் வேலை தொடங்கும் முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் நின்று எல்லாரும் உண்மையைச் சொல்லுங்கள் என்று எப்படிப் பேசுவேன்? இப்படி எனக்கு நானே பலமுறை பதில் சொல்லிவிட்டேன். ஆனாலும் அந்த டீக்கடையில் நான் சேஃப்டியாக உட்கார்ந்திருக்கவில்லை. அவன் அண்ணனாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

எங்களைக் கிளினிக்குக்குக் கொண்டுவந்த மூன்றாவது அடி பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. கப்பலின் பேலஸ்ட் டேங்குக்குள், அதாவது கப்பலை நிலையாக வைக்க நீர் நிரப்பும் தொட்டிக்குள், குனிந்து வேலை செய்துகொண்டிருந்தவன் நிமிரும்போது மேலே இருந்த இரும்புச் சட்டத்தில் ஹெல்மெட் இடித்தது. டேங்கில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு நாளைக்கு அப்படி எத்தனையோ இடி. ஹெல்மெட்டில் கீறல்கூட இல்லை. ஆனால் அவன் உட்கார்ந்துவிட்டான். மணி என்ன என்று ஃபோர்மேனிடம் கேட்டான். பதில் சொன்னதும் கொஞ்ச நேரத்தில் அதையே மறுபடி கேட்டான். ஃபோர்மேன் அனுபவஸ்தர், உடனே மேலே ஏற்றச் சொல்லிவிட்டார். அவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

நாம் போடுகிற ஹெல்மெட் மேலிருந்து விழும் பொருளிலிருந்து மண்டை ஓட்டைக் காப்பாற்றும். உள்ளே மூளை குலுங்குவதை அதனால் தடுக்க முடியாது. இப்படிக் குலுங்குவதால் வரும் மூளை அதிர்ச்சியில் (கன்கஷன்) சிடி ஸ்கேன் பெரும்பாலும் சுத்தமாகவே வரும். அவனுக்கும் அப்படித்தான் வந்தது. 'ஸ்கேன்ல ஒண்ணும் இல்லியேண்ணே' என்று அவனும் சொன்னான், சூப்பர்வைசரும் சொன்னார். ரத்தக்கசிவு இருக்கிறதா, எலும்பு உடைந்திருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் ஸ்கேன். அதிர்ச்சியில் கெடுவது நரம்பு செல்கள் வேலை செய்யும் விதம். உப்புகளின் சமநிலை குலைகிறது, அதைச் சரிசெய்ய மூளைக்கு அதிக சக்தி தேவைப்படுகிறது, அந்த நேரம் பார்த்து ரத்த ஓட்டம் குறைகிறது. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வாரத்தில் எல்லாம் அடங்கும். அடங்குவதற்குள் இன்னொரு அடி விழுந்தால் ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அரிதாக மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகிறது, பெரும்பாலும் விளையாட்டில் இருக்கும் இளவயதுக்காரர்களுக்கு.

லாரி அடிக்குப் பிறகு அவனுக்குத் தலைவலி நின்றிருக்கவே இல்லை. பனடோல் போட்டுக்கொண்டு டேங்கில் இறங்கிக்கொண்டிருந்தான். ஆக அந்த நடு அடிதான் முக்கியம். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் டாக்டர் இரண்டு நாள் எம்சி (மருத்துவ விடுப்பு) கொடுத்து அனுப்பியிருப்பார். அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அவன் நிற்கும்போது லேசாகச் சாய்ந்ததை டாக்டரும் கவனித்தார். நான் வாயே திறக்காமல் இருந்திருந்தாலும் அவரே நிறுத்தி வைத்திருக்கலாம். இந்த இடத்துக்கு வந்தால் என் நியாயம் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது.

டாக்டர் சொன்னது: முதல் ஓரிரு நாள் ஓய்வு, அப்புறம் மெல்ல நடக்கலாம், தலைவலி அதிகமானால் குறைத்துக்கொள்ள வேண்டும், வெளிச்சமும் சத்தமும் ஆகாது, நன்றாகத் தூங்க வேண்டும். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. தங்குவிடுதியில் ஒரே அறையில் பத்துப் பன்னிரண்டு பேர். நைட் ஷிஃப்ட் முடித்து வருபவர் லைட் போடுவார், விடியற்காலையில் லாரிக்கு ஓடுபவர் அலாரம் வைப்பார், இரவில் எல்லாருக்கும் ஊரிலிருந்து வீடியோ கால். அவனை மூலையில் கீழ்க்கட்டிலுக்கு மாற்றினோம். ஒரு கைலியைக் கட்டித் திரை போட்டான். அறையில் இருந்தவர்கள் தாங்களாகவே வராந்தாவுக்குப் போய்ப் போன் பேசினார்கள். அவன் குழந்தைதான் வீடியோவில் வராத அப்பாவைக் கேட்டு அழுததாம். திரையைப் பார்த்தால் அவனுக்குக் குமட்டியது, குரல் மட்டும் கேட்டுப் பேசினான். சாதாரணமாக யாரையும் கடிந்துகொள்ளாத பையன், குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று தட்டை வீசினான். பிறகு அதற்காக அழுதான். எரிச்சலும் இந்த நோயின் அறிகுறிதான் என்று சமையல் முறைக்காரரிடம் நான் போய் விளக்க வேண்டியிருந்தது. அவர் புரிந்துகொண்டார்.

ஆஸ்பத்திரி பிசியோவில் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். கட்டைவிரலை முன்னால் நீட்டி, பார்வையை அதிலேயே நிறுத்தி, தலையை மட்டும் இடதும் வலதுமாகத் திருப்ப வேண்டும். முதலில் தலைசுற்றல் வந்து உட்கார்ந்துவிடுவான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியது. மாலையில் விடுதியைச் சுற்றி நடந்தான். ஸ்டோரில் லைட் டூட்டி, அதாவது இலகுவான வேலை, கொடுத்தோம். போல்ட் நட்டு எண்ணும்போது பாதியில் கணக்கு விட்டுப்போகும், மறுபடி முதலிலிருந்து எண்ணுவான். பேப்பரில் கோடு போட்டுக்கொண்டு எண்ணச் சொன்னேன். அது உதவியது.

ஒரு மாலை அவனிடம் கிரிக்கெட்டை உதாரணம் காட்டினேன். 2020 டிசம்பரில் கான்பெராவில் நடந்த டி20. நம் நடராஜன் முதல் டி20 ஆடிய மேட்ச் என்பதால் விடுதியே பார்த்தது. ஸ்டார்க் போட்ட பந்து ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பட்டது. பந்து வீச அவருக்குப் பதிலாகச் சாஹல் இறங்கினார், மூன்று விக்கெட் எடுத்தார். ஜடேஜா ஓய்வெடுத்துக்கொண்டு அதே மாதம் மெல்பர்ன் டெஸ்டில் 57 அடித்தார். தலையில் அடி என்றால் உட்கார்வது கௌரவக் குறைச்சல் இல்லை, 2019-இலிருந்து ஐசிசியே விதி வைத்திருக்கிறது என்றேன். பொறுமையாகக் கேட்டான். "அவருக்குப் பதிலா இறங்குனவரு, மேட்ச் முடிஞ்சதும் எடத்த விட்டுட்டாருண்ணே. எனக்குப் பதிலா ஒருத்தன் இறங்குனா விடுவானா?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை.

சட்டம் அவன் பக்கம்தான் இருந்தது. 2020 செப்டம்பர் 1 முதல், வேலைக்காயத்துக்கு ஒரு நாள் எம்சி கொடுத்தாலும், லைட் டூட்டி கொடுத்தாலும் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். லைட் டூட்டி நாட்களுக்கும் சராசரிச் சம்பளக் கணக்கு உண்டு. கம்பெனி லாரியில் வேலைக்குப் போகும்போது பட்ட அடியும் வேலைக்காயம்தான். அதை மறைத்தால் அதற்கான உரிமையும் போய்விடலாம். இதையெல்லாம் அவனுக்குச் சொன்னேன். அவன் பயம் சம்பளத்தைப் பற்றியது இல்லை, இங்கே வேலை பார்க்க வேண்டிய பர்மிட்டைப் பற்றியது. புதுப்பிக்கச் சொல்லி எந்தச் சட்டமும் முதலாளியைக் கட்டாயப்படுத்துவதில்லை. அவனுடையது புதுப்பிக்கப்படவில்லை. காரணம் ஆர்டர் குறைவு என்றார்கள். உண்மையிலேயே அந்தக் காலாண்டில் ஆர்டர் குறைவுதான். வேறு சிலரும் போனார்கள். ஆனால் அவன் பெயர் அந்தப் பட்டியலில் எப்படி வந்தது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்டு அழுத்தவில்லை.

இப்போது புதுக்கோட்டைப் பக்கம் மச்சானின் ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறான். வெயிலில் நின்றால் தலைவலி வருகிறதாம், மற்றபடி பரவாயில்லையாம். பொங்கலுக்குப் போன் செய்தான். குழந்தையைப் பற்றிப் பேசினோம், மழை பற்றிப் பேசினோம். கிளினிக்கைப் பற்றி அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஆள் உயிரோடு, குடும்பத்தோடு இருக்கிறான் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். ஏஜெண்டுக்கு வாங்கிய கடனை அந்த ஒர்க்‌ஷாப் வருமானத்தில் எப்படி அடைப்பான் என்று அடுத்த நிமிடமே தோன்றுகிறது.

என்னை உறுத்துவது வேறொன்று. அவன் போன பிறகு என்னிடம் தலையில் இடித்தது என்று யாரும் வந்து சொல்வதில்லை. டேங்க் அதேதான், ஆட்கள் அதே அளவுதான். முன்பு அப்படி அவ்வப்போது ஒருவர் வருவார். ஓர் அடியை வெளியே கொண்டுவந்தேன், மற்றவை எல்லாம் ஹெல்மெட்டுக்குள்ளேயே தங்கிவிட்டன. ஒருவனைக் காப்பாற்றியதற்கு மற்றவர்கள் விலை கொடுக்கிறார்களோ என்று தோன்றும். இல்லை, அது என் கையில் இல்லாத விஷயம் என்றும் தோன்றும்.

அதனால் இப்போது சாயங்காலம் லாரி ஏறும் இடத்தில் போய் நிற்கிறேன். தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசுவது, சொன்னதையே சொல்வது என்று அறிகுறிகளைத் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன். சமீபத்தில் ஒரு பையன், எல்லாரும் ஏறும்வரை காத்திருந்துவிட்டு, காலையில் இடித்துக்கொண்டதாகச் சொன்னான். "பேரு எழுதுவீங்களாண்ணே?" என்று கேட்டான். டாக்டரைப் பார்த்தால் எழுதித்தான் ஆக வேண்டும் என்றேன். அப்படியானால் ஒன்றுமில்லை என்று ஏறப் போனவனை இறக்கி, அப்போதே கூட்டிப் போனேன். மூன்று நாள் எம்சி. பேரையும் எழுதிவிட்டேன். அவனுக்குப் பர்மிட் புதுப்பிக்க இன்னும் சில மாதம் இருக்கிறது. அதற்குள் மேனேஜரிடம், புதுப்பிப்பவர்கள் கையில் காயக் கணக்கு போகக்கூடாது என்று உட்கார்ந்து பேச வேண்டும். இந்த முறை கேட்டு அழுத்துவேன்.