தாழியில் ஒரு பங்கு

பெங்களூரிலிருந்து வந்த தம்பிக்கு மூளைக்கு ஓய்வு வேண்டுமாம். போனை அணைத்துவிட்டு, யாரும் பேசாத இடத்தில், அழகான பொருட்களைப் பார்த்தபடி அரை நாள் சும்மா நிற்க வேண்டுமாம். எங்கள் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு இப்படி ஓர் ஆசை.

முதலில் சித்தன்னவாசல் என்றான். ஒன்பதாம் நூற்றாண்டு ஓவியம், விதானம் முழுக்கத் தாமரைக்குளம், மீனும் யானையுமாக, மல்லாந்து பார்த்துக்கொண்டே கிடக்கலாம் என்று ஆசை காட்டினான். "மல்லாந்து கெடக்கப் பாறைக்கு எதுக்குப் போகணும்? வளவுல பாயை விரிச்சுப் படு" என்று அப்பத்தா முடித்துவிட்டார். முழங்கால்தான் காரணம், சொல்ல மாட்டார்.

அப்புறம் புதுக்கோட்டை அருங்காட்சியகம் என்றானது. வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை, ஆகவே ஞாயிறு. ஞாயிறு என்றதும் அயித்தை வந்தார், அயித்தை என்றதும் அவர் பேரப்பிள்ளைகள் வந்தார்கள், தம்பியின் தனிமைக்கு வேன் பிடிக்க வேண்டியதாயிற்று. விடியுமுன்பே அடுப்பு எரிந்தது. புளியோதரை, கந்தரப்பம், தேன்குழல் டின், சீடை டின், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு சீடை டின். ரங்கூனுக்குக் கப்பல் ஏறிய ஐயாகூட இவ்வளவு கட்டிக்கொண்டு போயிருக்க மாட்டார்.

திருமயத்தில் கோட்டை பைரவருக்குத் தேங்காய் உடைக்காமல் எந்த வண்டியும் தாண்டாது, எங்கள் டிரைவர் மட்டும் தாண்டுவாரா? 1687-இல் கட்டிய கோட்டையைப் பார்த்ததும் பிள்ளைகள் ஏறவேண்டும் என்றன. "திரும்பி வரும்போது" என்றோம். எங்கள் குடும்பத்தில் அதற்கு அர்த்தம் பிள்ளைகளுக்கும் தெரியும்.

திருக்கோகர்ணத்தில் இறங்கினோம். 1910-இலிருந்து இருக்கிற அருங்காட்சியகம். பாடம் செய்து வைத்த விலங்குகளைப் பார்த்துச் சின்னது அழுதது, பெரியது தொடப் போனது, தம்பி யாரோ போல நாலடி தள்ளி நடந்தான்.

செப்புத் திருமேனிகள் இருந்த இடத்தில் அப்பத்தா நின்றுவிட்டார். பக்தி என்றுதான் நினைத்தேன். "ஏந்தம்பி, இதையெல்லாம் புளி போட்டு வெளக்க ஆள் இல்லையா?" என்று அங்கிருந்த ஊழியரைக் கேட்டார். அவர் பதறிப்போனார். "ஆச்சி, அந்தப் பச்சை அழுக்கு இல்ல. காலப்போக்குல தானாப் படியுறது. புளி போட்டா அது போயிரும், வேலைப்பாடும் தேஞ்சிரும்" என்று பொறுமையாகச் சொன்னார். அப்பத்தா கொஞ்ச நேரம் யோசித்தார். "இதை எங்க மாமியாகிட்ட வந்து சொல்ல அன்னைக்கி ஒரு ஆள் இல்லாமப் போச்சே" என்றார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வளவு வீட்டின் அத்தனை அண்டா, குண்டா, குத்துவிளக்கையும் விளக்கித் தேய்த்த கை அது.

காசுகள் பக்கம் போனதும் பேச்சு திசை மாறியது. புதுக்கோட்டை சமஸ்தானத்து அம்மன் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் 'விஜய'. நவராத்திரிக்கு அரிசியோடு சேர்த்துக் கொடுப்பார்களாம். "நம்ம வீட்லயும் ஒரு டப்பா நெறையக் கெடந்துச்சு. பங்கு பிரிச்சப்ப எந்தப் புள்ளிக்குப் போச்சோ" என்றார் அப்பத்தா. எங்கள் பக்கம் பங்குள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் புள்ளி என்று பேர். உடனே ஊழியரிடம், "இங்க எத்தனை புள்ளிக்குப் பங்கு?"

"பங்கா? எல்லாம் அரசாங்கத்துது ஆச்சி."

"ஒரே ஆளுக்கா! அதான் ஒழுகாம இருக்கு."

எங்கள் வீட்டுக்கு எட்டுப் புள்ளி. இரண்டாம் கட்டில் ஓடு உடைந்து மழைத்தண்ணீர் நேராக ஆத்தங்குடித் தரைக்கல்லில் விழுகிறது. ஓடு மாற்ற எட்டுப் பேரும் சரி என்று சொல்ல வேண்டும். சென்னையில் மூவர், பினாங்கில் ஒருவர், அமெரிக்காவில் ஒருவர், கோயம்புத்தூரில் இருவர், பேச்சுவார்த்தை இல்லாதவர் ஒருவர். வாட்ஸ்அப் குழுவில் போட்ட செய்தியை எல்லோரும் படித்தாகிவிட்டது, நீல டிக் இருக்கிறது. பதில்தான் இல்லை. குட்மார்னிங் ரோஜாப்பூ மட்டும் தவறாமல் வருகிறது. வீட்டுத் தேக்குக்கும் முட்டைவெள்ளைச் சுண்ணாம்புக்கும் வெளியூர்க்காரர்கள் வாய் பிளக்கிறார்கள். அதன்மேல் ஓர் ஓடு போட இங்கே துப்பில்லை.

கிளம்பும் முன் அப்பத்தாவை ஒரு முதுமக்கள் தாழிக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஊழியரிடம் கேட்டுக்கொண்டு தம்பி படம் எடுத்தான். இறந்தவர்களின் எலும்பை வைத்துப் புதைத்த பானை. புதுக்கோட்டைச் சீமையில் தோண்டிய இடமெல்லாம் கிடைத்திருக்கிறது. படத்தைக் குழுவில் போட்டான்.

வேன் கிளம்புவதற்குள் பினாங்குப் பெரியப்பா பதில் போட்டுவிட்டார். "இது இரண்டாம் கட்டில் இருந்த ஊறுகாய்த் தாழிதானே? யாரைக் கேட்டு மியூசியத்துக்குக் கொடுத்தீர்கள்?" தன் ஆத்தாவுக்குச் சீராக வந்தது என்றார் சென்னைச் சித்தப்பா. என்ன விலை போகும் என்று அமெரிக்கா கேட்டது. அங்கே அப்போது நடுராத்திரி. பேச்சுவார்த்தை இல்லாதவரும் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

தம்பி பொறுமையாக விளக்கம் எழுதினான். போதாது என்று அப்பத்தா போனை வாங்கி, "இது பொணம் வைக்கிற பானைடா. பங்கு வேணுங்கிறவன் வந்து உள்ள உக்காருங்க" என்று குரல் பதிவு அனுப்பினார்.

குழு கொஞ்சம் அடங்கியது. பெரியப்பா மட்டும் விடவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் புதுச் செய்தி: "அப்படியென்றால் நம் ஊறுகாய்த் தாழி யாரிடம் இருக்கிறது?"