பூசணம் பிடித்த புண்ணாக்கு

நவம்பர் 21
மூன்று நாள் அடைமழை விட்டு இன்றுதான் கொட்டகையை ஒழுங்காகப் பார்த்தேன். உச்சிப்புளிப் பக்கம் வெயில் காலத்திலேயே கடல் காற்றில் உப்பு கசியும், ஐப்பசி கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். சுவரோரம் சாய்த்திருந்த கடலைப் புண்ணாக்கு மூட்டையின் அடிப்பக்கம் கட்டி தட்டி, பச்சையும் மஞ்சளுமாகப் பூத்திருக்கிறது. "பூசணத்தைத் தட்டிட்டுக் காய வச்சுப் போடு" என்றார் அம்மா. 50 கிலோ மூட்டை, பாதிகூடத் தீரவில்லை. சரி என்று நல்லதாகத் தெரிந்ததை அள்ளி ஊறப் போட்டேன்.

நவம்பர் 24
செவலை தொட்டியில் மூக்கை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. ஆறு லிட்டர் கறந்த மாடு, இன்று நாலரை. காய்ச்சலும் இல்லை, கழிச்சலும் இல்லை.

நவம்பர் 25
கால்நடை டாக்டர் மாட்டைத் தொடுவதற்கு முன்னால் மூட்டையைத்தான் காட்டச் சொன்னார். அந்தப் பூஞ்சை விடுகிற நஞ்சுக்கு அஃப்லாடாக்சின் என்று பெயராம். வெயிலில் காய வைத்தால் பூசணம் சாகும், நஞ்சு அப்படியே கிடக்கும், கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற துண்டிலும் அது இருக்கலாம். 1960இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேல் வான்கோழிக் குஞ்சுகள் செத்தபோதுதான் இது வெளியே தெரிந்ததாம், அங்கேயும் காரணம் பிரேசிலிலிருந்து போன கடலைப் புண்ணாக்குதான். தீவனத்தில் கிலோவுக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்றார். நாமக்கல் கால்நடைக் கல்லூரியில் சோதித்துச் சொல்வார்கள், ஆனால் அரை மூட்டைக்காக நாமக்கல் போகிற ஆள் நானில்லை.

இதெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம் பாலைப் பற்றிச் சொன்னார். மாடு தின்ற நஞ்சில் கொஞ்சம் ஈரலில் உருமாறிப் பாலில் இறங்கும், ஒரே நாளில் இறங்கிவிடும், காய்ச்சினாலும் போகாது. பக்கத்து வீட்டில் ஒன்றரை வயதுப் பிள்ளை நம் பாலைத்தான் குடிக்கிறது.

நவம்பர் 26
பக்கத்து வீட்டு அக்காவிடம் போய்ச் சொன்னேன். கோபப்பட்டிருந்தால் தேவலை. "எத்தனை நாளா?" என்று மட்டும் கேட்டது. விரல் விட்டு எண்ணி, அஞ்சு என்றேன். டீக்கடையிலும் சொல்லியாயிற்று.

புண்ணாக்கை நிறுத்தி மூன்று நாலு நாளில் பால் தெளிந்துவிடும் என்றார் டாக்டர். அதுவரை கறந்து தென்னைக்கு ஊற்றுகிறேன், கன்றுக்கும் வேறு மாட்டுப் பால்தான். ஊற்றும்போது அம்மா வெளியே வருவதில்லை. மிச்ச மூட்டையைக் கோழிக்குப் போடலாமே என்றான் மச்சான். மாட்டை விடக் கோழிக்கும் வாத்துக்கும்தான் இது சீக்கிரம் ஏறுமாம். குழி வெட்டிப் புதைத்தேன்.

நவம்பர் 30
பனஞ்சட்டம் நாலு போட்டு, சுவரை விட்டு ஒரு முழம் தள்ளிப் பரண் மாதிரி அடித்தாயிற்று. இனி மழைக் காலத்தில் பத்துப் பத்துக் கிலோதான் வாங்குவது. தவிடும் வைக்கோலுமாகச் செவலை தொட்டியைக் காலி செய்கிறது, இன்று ஐந்தே கால் லிட்டர். டீக்கடைக்காரர் காலையிலேயே ஆள் அனுப்பிவிட்டார். அக்கா வீட்டுச் சொம்பு இன்னும் வரவில்லை.