அம்மாவின் நேர்த்தியும் ஹில்டஸ்ஹைம் ரோசாவும்

பதினொரு வருஷம் காத்திருந்த தங்கச்சிக்கு ஒரு பிள்ளை கிடைத்தால் இலங்கையில் மடு மாதா கோயிலுக்கு வருவதாக அம்மா நேர்ந்திருந்தார். மாதா கைவிடவில்லை, பிள்ளை பிறந்துவிட்டது. ஆனால் அம்மாவின் முழங்கால் மன்னார் வரைக்கும் தாங்காது. "மாதா எங்கயும் மாதாதானே, அந்த ஆயிரம் வருஷ ரோசாவடிக்குக் கூட்டிக்கொண்டு போ" என்றார். அப்படித்தான் ஜேர்மனியிலேயே, அந்த ரோசாச் செடி நிற்கும் ஹில்டஸ்ஹைம் பேராலயத்துக்குப் புறப்பட்டோம்.

வழியில் ஒரு ரயில் ரத்து. மாறிய இடத்தில் லிப்டும் வேலை செய்யவில்லை. அம்மா ஒவ்வொரு படிக்கும் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லித்தான் ஏறினார்.

பேராலயத்துக்குள் முதலில் கண்ணில் பட்டது ஆயர் பெர்ன்வார்டு 1015இல் செய்வித்த வெண்கலக் கதவு. ஒவ்வொரு கதவும் ஒரே வார்ப்பு, உயரம் 4.72 மீட்டர். ஒரு கட்டத்தில் கடவுள் ஆதாமைக் கேட்கிறார், ஆதாம் ஏவாளைக் காட்டுகிறான், அவள் கீழே பாம்பைக் காட்டுகிறாள். அம்மா கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "அப்பவே பழியைப் பொம்பிளையில போட்டிட்டான்" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ரோசா பின்பக்க முற்றத்தில். அங்கே பஸ்ஸில் வந்த ஒரு கூட்டம் செல்பி எடுத்து முடியும்வரை அம்மாவை ஒரு ஓரமாக நிற்பாட்டி வைத்தேன். செபிக்க வந்தவர்களுக்கு வழி விட வேண்டும் என்ற எண்ணமே ஒருவருக்கும் இல்லை.

815இல் லூயி மன்னர் வேட்டைக்கு வந்தபோது மாதாவின் திருப்பண்டம் (புனித நினைவுப்பொருள்) இந்தச் செடியிலேயே ஒட்டிக்கொண்டு வர மறுத்ததாம். அதனால்தான் இங்கே கோயில் எழும்பியது என்பார்கள். 1945 மார்ச் 22 குண்டுவீச்சில் ஆலயம் இடிந்து, செடியும் கருகி இடிபாட்டுக்குள் புதைந்தது. எட்டு வாரத்தில் வேரிலிருந்து மறுபடி துளிர்த்தது.

நாங்கள் போனபோது பூக்காலம் முடிந்திருந்தது. சுவரில் பத்து மீட்டர் உயரத்துக்கு இலைதான். எனக்கு முகம் விழுந்துவிட்டது. அம்மா மேலே பார்க்கவே இல்லை, வேரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்கட வளவு முருங்கையும் ஷெல் விழுந்து எரிஞ்ச பிறகு இப்பிடித்தான் துளிர்த்தது, பிள்ளை."

அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. நானும் அழுதேன், வெட்கப்படவில்லை. மாதாவே, எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. வேண்டுதலாகக் கொண்டுபோன எதையும் கேட்கவே தோன்றவில்லை.

பிறகு அம்மா அந்த முழங்காலோடு குந்தி, இரும்பு வேலிக்குள் கையை விட்டு ஒரு சிட்டிகை மண் எடுத்துக் கைலேஞ்சியில் முடிந்தார். பக்கத்தில் நின்ற முதியவர் பார்த்தார், பார்க்காதது போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

புனித மிக்கேல் ஆலயத்தில் 1300 பலகைகளில் தீட்டிய பழைய விதானம் இருக்கிறது. பார்க்க ஆசைதான், ஆனால் அம்மா இனி நடக்கமாட்டார். சரி, விட்டுவிட்டோம்.

ரயிலில் கைலேஞ்சி அவர் மடியிலேயே இருந்தது. "வீட்டில மடு மண் கொஞ்சம் கிடக்கு" என்றார். "இதையும் அதோட கலந்து சின்னவளின்ர தொட்டிலுக்குக் கீழ வை."