வடசென்னையில் நாய் இறந்தால் எங்கே கொண்டுபோவது?

எங்கள் நாய் செல்லிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய்விட்டது என்று வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் சொன்னபோதே, இனி அதிக நாள் இல்லை என்று தெரிந்துவிட்டது. சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் ஏறிக்கொண்டே போனது. வீட்டிலேயே தோலுக்கடியில் சலைன் ஏற்ற எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள், அதை வைத்துச் சில மாதம் நன்றாகவே ஓட்டினோம். நாய் வளர்ப்பவர்களுக்கு இதெல்லாம் தெரிந்த கதைதான். உயிர் போனபிறகு அந்த உடலை என்ன செய்வது என்பதைத்தான் எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

மே மாதம், ராத்திரி 11 மணி வாக்கில் அம்மா மடியிலேயே போய்விட்டாள். பழைய வண்ணாரப்பேட்டையில் மாடி வீடு எங்களுடையது. படியிறங்கினால் நடை, நடையைத் தாண்டினால் தெரு. குழி வெட்ட ஒரு சாண் மண் கிடையாது.

வருஷக்கணக்காகத் தடுப்பூசி போட்ட தனியார் கிளினிக்குக்கு முதலில் போன் செய்தேன். "பாடியெல்லாம் நாங்க எடுக்க மாட்டோம்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். எங்கே போகலாம் என்றாவது சொல்லியிருக்கலாம். இணையத்தில் கிடைத்த ஒரு வண்டிக்காரர், முழுப் பணத்தையும் இப்போதே அனுப்பினால் காலையில் வருவதாகச் சொன்னார். வண்டி வாசலுக்கு வந்தபிறகு தருகிறோம் என்று தம்பி சொன்னதும் அந்த எண் அணைந்துவிட்டது. நீங்களும் அந்த நேரத்துப் பதற்றத்தில் முன்பணம் அனுப்பாதீர்கள். இன்னொரு எண்ணில் பேசியவர் சொன்னதுதான் இன்றைக்கும் ஆறவில்லை: "சாக்குல கட்டி குப்பைத்தொட்டி பக்கத்துல வச்சிடுங்க, வண்டி எடுத்துக்கும்." 13 வருஷம் எங்களோடு சாப்பிட்டுத் தூங்கியவளைப் பற்றி அப்படிச் சொன்னார். அவரோடு சண்டை போடக்கூட எனக்குக் குரல் எழவில்லை.

உடலைப் பார்த்துக்கொள்வது பற்றிச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். சில மணி நேரத்தில் உடல் விறைக்க ஆரம்பித்துவிடும். அதற்கு முன்பே தூங்கும்போது இருப்பதுபோல் கால்களை மடக்கிப் படுக்க வைத்துவிடுங்கள். இல்லையென்றால் பெட்டியில் அடங்காது, அதைப் பார்க்கவும் தாங்காது. கண் தானாக மூடாது, மூடிவிட்டாலும் திறந்துகொள்ளும். இறந்தபிறகு லேசாகத் தசை துடிக்கலாம், மூச்சு விடுவதுபோல் சத்தம் வரலாம். உயிர் இருக்கிறதோ என்று அம்மா பதறிப்போனார்கள். சிறுநீரும் மலமும் வெளியேறும் என்பதால் பழைய டவலை மடித்துக் கீழே வைக்கவேண்டும்.

அடுத்தது வெயில். சென்னை மே மாதத்தில் காலை வரைக்கும் உடல் தாங்காது. இதில் நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வசதி உண்டு. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடிவதற்கு ரொம்ப முன்பே ஐஸ் இறங்க ஆரம்பித்துவிடும். தம்பி போய் நொறுக்கிய ஐஸும், மீன் அனுப்பும் பெரிய தெர்மாகோல் பெட்டியும் வாங்கிவந்தான். எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட ஐஸ்கார அண்ணன் காசே வாங்கவில்லை. ஐஸை நேராக உடல்மேல் கொட்டாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி வயிற்றுப் பக்கத்தில் அதிகமாக வையுங்கள். வயிறுதான் முதலில் கெடும்.

விடிந்ததும் ஒரு சுடுகாட்டில் போய்க் கேட்டோம். "மனுசாளுக்கே இடமில்ல" என்றார் காவலாளி. கொஞ்ச நேரம் கழித்து, பணம் கொடுத்தால் மதில் ஓரமாகப் புதைக்கலாம் என்றார். வேண்டாம் என்று வந்துவிட்டோம். எண்ணூர் பக்கம் காலி மனை இருக்கிறது, அங்கே புதைத்துக்கொள்ளுங்கள் என்று சித்தப்பா சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் கடலோர மணலில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். ஆழம் போதாவிட்டால் தெருநாய்கள் கிளறிவிடும். அதிலும் மயக்க மருந்து கூடுதலாகக் கொடுத்துக் கருணைக்கொலை செய்த உடல் என்றால் மேலாகப் புதைக்கவே கூடாது. அதைத் தின்னும் நாய்க்கும் காக்கைக்கும் அந்த மருந்தே விஷமாகிவிடும்.

கடைசியில் கிண்டியில், வேளச்சேரி சாலையில் இருக்கும் புளூ கிராஸ் என்ற பிராணிகள் நல அமைப்பு. அங்கே பிராணிகளுக்கான மின் தகன மேடை இருக்கிறது. போனில் கேட்டுக்கொண்டோம், கொண்டுவரச் சொன்னார்கள்.

போவதுதான் பாடாகிவிட்டது. ஆட்டோக்காரர்கள் பெட்டியைப் பார்த்ததும் நகர்ந்துவிட்டார்கள். செயலியில் வந்த கார்கள் விஷயத்தைச் சொன்னதும் ரத்து செய்தன. எதிர்வீட்டில் குட்டியானை என்னும் சின்ன லோடு வண்டி ஓட்டும் அண்ணன் மீன் லோடு இறக்கிவிட்டு வந்தவர், "இன்னாம்மா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? ஏத்து" என்றார். பேசின் பிரிட்ஜ், சென்ட்ரல், மவுண்ட் ரோடு என்று ஒரே மூச்சில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே எந்தச் சிக்கலும் இல்லாமல் முடிந்தது. பொதுவாக எந்தத் தகன மேடையாக இருந்தாலும், சாம்பல் வேண்டுமென்றால் தனியாக எரிப்பார்களா, பல உடல்களைச் சேர்த்து எரிப்பார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள். சேர்த்து எரித்தால் உங்கள் பிள்ளையின் சாம்பல் தனியாகக் கிடைக்காது.

அப்புறம் மனுஷர்களைச் சமாளிக்கவேண்டியிருந்தது. "நாய்க்கா லீவு?" என்று மேலாளர் கேட்டார். ஆமாம் சார், நாய்க்குத்தான் என்றேன். அதற்குமேல் அவர் பேசவில்லை. "அழாத, வேற குட்டி வாங்கிக்கோ" என்று சொல்லாத உறவுக்காரர் இல்லை. கீழ்வீட்டுச் சின்னப் பையனிடம் செல்லி ஊருக்குப் போயிருப்பதாகச் சொல்லிவைத்திருந்தார்கள். எப்போது வரும் என்று அவன் தினமும் படியேறி வந்து கேட்டான். செத்துப்போய்விட்டாள், இனி வரமாட்டாள் என்று நானே சொன்னேன். என் பக்கத்தில் உட்கார்ந்து நன்றாக அழுதான், அதோடு கேட்பதை விட்டுவிட்டான். பிள்ளைகளிடம் உண்மையையே சொல்லுங்கள்.

புதுக் குட்டி எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் நாய் பார்வோ என்ற, குடலைத் தாக்கும் தொற்றுநோயில் இறந்திருந்தால் அவசரப்படாதீர்கள். அந்தக் கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் இருக்கும். தட்டு, பாய் எல்லாவற்றையும் அகற்றிவிட்டு, பிளீச்சிங் கரைசலால் வீட்டைக் கழுவி, தடுப்பூசி முழுசாகப் போட்டு முடித்த நாயைத்தான் கொண்டுவரவேண்டும்.

எங்களுக்கு இப்போதைக்கு வேறு நாய் வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார்கள். மிச்சமிருந்த சலைன் பாட்டில்களையும் பிரிக்காத ஊசிகளையும், தண்டையார்பேட்டையில் அடிபட்ட தெருநாய்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பையனிடம் கொடுத்துவிட்டேன். அன்றைக்கே ஒரு நாய்க்கு ஏற்றினானாம். உங்கள் வீட்டிலும் காலாவதியாகாத மருந்து இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், உங்கள் தெருவிலும் அப்படி ஒரு ஆள் இருப்பார்.