காலி வளாகமும் மதில் சுவரில் ஓர் ஓட்டையும்

சேலம் ஐந்து ரோட்டிலிருந்து வண்டியில் அரைமணி நேரம் போனால், சேர்வராயன் மலை மறைப்பில்லாமல் தெரியும் ஓரிடத்தில், சில ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது ஓர் அலுவலக வளாகம். ஏழு ஏக்கர் நிலம், மூன்று தளங்கள், ஏறத்தாழ 1,20,000 சதுர அடி. வாடகைக்கு இருந்த நிறுவனம் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது. பிறகு திரும்பி வரவில்லை. இடித்துவிட்டு மனை போடுவதா, கட்டடத்தை வைத்துக்கொண்டு வேறு ஏதாவது செய்வதா என்று பார்த்துச் சொல்லும்படி உரிமையாளர் கேட்டதால், கட்டமைப்புப் பொறியாளன் என்ற முறையில் இரண்டு மாதங்களில் ஆறேழு முறை அங்கே போய் வந்தேன்.

இத்தகைய வேலையில் முதலில் கேட்க வேண்டியது கான்கிரீட்டைத்தான். தூண் ஒன்றிலிருந்து உருளை வடிவில் துண்டு எடுத்து, புதிதாக உடைந்த முகத்தில் பினால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்தோம். காரத்தன்மை குறையாத கான்கிரீட் பன்னீர் ரோஜா நிறத்துக்கு மாறும்; காற்றிலுள்ள கரியமில வாயு ஊறிப்போன பகுதி நிறம் மாறாமல் அப்படியே நிற்கும். எங்கள் துண்டில் வெளியோரத்தில் அரை அங்குலத்துக்கும் குறைவாகவே சாம்பல் நிறம் தெரிந்தது, மீதி முழுவதும் சிவந்துவிட்டது. காரத்தன்மை குறையாதவரை உள்ளே இருக்கும் கம்பி எளிதில் துருப்பிடிக்காது; வாயு கம்பி வரை எட்டவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. வாட்ச்மேன் அந்தத் துண்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கட்டடம் நல்லா இருக்குதுன்னு நான்தான் அப்பவே சொன்னேனுங்களே சார்" என்றார்.

சுமையைப் பொறுத்தவரை பிரச்சினையே இல்லை. கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 875-இன்படி வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 200 கிலோ எடை தாங்கினால் போதும். அலுவலகத் தளம் அதைவிடக் கூடுதலான சுமைக்கே கணக்கிடப்படுகிறது. மேலும், சதுர அடிக்கு 0.4 மூட்டை என்ற வழக்கமான கணக்கில் இந்தக் கட்டடத்துக்குள் ஏற்கெனவே சுமார் 48,000 மூட்டை, அதாவது 2,400 டன் சிமென்ட் உட்கார்ந்திருக்கிறது. சிமென்டாக அரைக்கப்படும் கிளிங்கர் என்ற சூளைக்கட்டி ஒரு டன் உருவாகும்போது சுண்ணாம்புக்கல்லிலிருந்து மட்டுமே அரை டன் அளவுக்குக் கரியமில வாயு வெளியேறுகிறது, சூளைக்கான எரிபொருள் தனி. அந்தப் புகை போனது போனதுதான். இடித்துவிட்டு 'பசுமைக் கட்டடம்' கட்டுகிறோம் என்று பலகை வைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் போடுவதில்லை.

சிக்கல் வெளிச்சத்தில்தான் இருக்கிறது. சன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரமோ அதைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு தூரத்துக்குத்தான் பகல் வெளிச்சம் உள்ளே பயன்படும். இங்கே அந்த மேல்விளிம்பு ஒன்பதடி உயரத்தில். ஆகவே ஒவ்வொரு பக்கமும் இருபது அடிக்குச் சற்று மேல் வெளிச்சம். ஆனால் தளத்தின் அகலமோ 95 அடி. நடுவில் ஐம்பது அடி இருட்டு. குழல் விளக்கும் ஏசியும் இருந்ததால்தான் அங்கே மனிதர்கள் உட்கார முடிந்தது. ஓரங்களில் வீடுகளை வைத்துவிட்டால் நடுவை என்ன செய்வது? என் யோசனை, இரு பீம்களுக்கு இடைப்பட்ட ஸ்லாபை மட்டும் மூன்று இடங்களில் மேலிருந்து கீழ்வரை வெட்டி முற்றம் விடுவது. தூணும் பீமும் அப்படியே நிற்கும். வானம் மட்டும் உள்ளே வரும். நம் பாட்டி வீடுகளில் முற்றம் இருந்ததன் காரணமும் இதுதான், வேறு மாயம் எதுவும் இல்லை. இதில் விற்கக்கூடிய சதுர அடி குறைகிறதே என்று உரிமையாளர் முகம் சுளித்தார்; இருட்டான வீட்டை யார் வாங்குவார்கள் என்று கேட்டேன், பதில் வரவில்லை.

குழாய் வேலைக்கு வழி இருக்கிறது. ஏசி டக்டையும் ஃபால்ஸ் சீலிங்கையும் கழற்றினால் பதின்மூன்று அடி உயரம் கிடைக்கிறது, குழாய்கள் அடியில் போகும்படி சமையலறை, குளியலறைத் தரையை ஓரடி உயர்த்திக்கொள்ளலாம். திறக்கவே முடியாத கண்ணாடி முகப்பில் பாதியையாவது எடுத்துத் திறக்கும் சன்னல்களும் சன்ஷேடும் போடாமல் சேலத்துச் சித்திரை வெயிலில் யாரும் குடியிருக்க முடியாது.

இப்படிப்பட்ட மாற்றத்துக்கு உலகம் காட்டும் பெரிய உதாரணம் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ஹோம்டெல் என்ற ஊரில் இருக்கிறது. கட்டடக் கலைஞர் ஈரோ சாரினென் வடிவமைத்து 1962-இல் திறக்கப்பட்ட, பெல் என்ற தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வகக் கட்டடம் அது. சுமார் 20 லட்சம் சதுர அடி. 2007-இல் காலியாகி, இடிபடும் நிலைக்குப் போய், 2013-இல் கைமாறிய பிறகு அதன் நீண்ட உட்கூடத்தையே ஊரின் கடைத்தெருவாக ஆக்கினார்கள். அலுவலகங்களோடு கடைகளும் உணவகங்களும் வந்தன. ஊர்ப் பொது நூலகமும் உள்ளே குடியேறியது. அங்கே என்னைக் கவர்ந்தது கட்டடக்கலை அல்ல, புத்தகம் எடுக்க வரும் பிள்ளை வாசலில் ஊழியர் அடையாள அட்டை காட்டத் தேவையில்லை என்பதுதான்.

சேலத்துக்காரர்களுக்கு வேறோர் உதாரணமும் தெரியும். 1935-இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்த ஒரு முழு வளாகம், இன்று ஏற்காடு சாலையில் ஒரு நுழைவு வளைவாக மட்டும் நிற்கிறது. உள்ளே இருந்தது போய் வீடுகள் வந்துவிட்டன, வாசல் மிஞ்சியது. இந்த அலுவலக வளாகத்தில் நான் செய்ய நினைப்பது அதற்கு நேர்மாறானது: கட்டடம் இருக்கட்டும், வாசல் போகட்டும்.

ஏனென்றால், யாரையும் உள்ளே விடாமல் இருப்பதற்காகவே திட்டமிடப்பட்ட இடம் இது. எட்டடி மதில், ஒரே கேட், நிலத்தில் பாதிக்கு மேல் கார் நிறுத்துமிடம். சுற்றிலும் இருப்பவர்களோ கொலுசுப் பட்டறைக்காரர்கள், தறி ஓட்டுபவர்கள், வாடகை அறையில் இருக்கும் கல்லூரி மாணவர்கள். கொலுசு வேலையில் வெள்ளி உருக்குவதும் அமிலத்தில் அழுக்கெடுப்பதும் குடியிருப்புக்கு அருகில் ஆகாது. ஆனால் கோப்பது, மணி வைப்பது, எடைபோட்டுப் பொட்டலம் கட்டுவது போன்ற வேலைகளைத் திண்ணையில் முதுகு வலிக்க உட்கார்ந்து செய்யும் பெண்களுக்குத் தரைத்தளத்தில் நல்ல வெளிச்சத்தில் இடம் கொடுக்கலாம். நடுத்தளத்தில் சிறு அலுவலகங்கள், மேலே வாடகை வீடுகள். தார் போட்ட கார் நிறுத்துமிடத்தில் பாதியைப் பெயர்த்து மரம் நடலாம். பாறை மேலேயே கிடக்கும் பூமி என்பதால் மழைநீரை நிலத்துக்குள் இறக்க ஆழக்குழி தோண்டுவதைவிட, கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து மிஞ்சியதை ஒரு குட்டையில் தேக்குவதே நடக்கும் காரியம். இதற்கெல்லாம் நில வகை மாற்றமும் திட்ட அனுமதியும் வாங்கியாக வேண்டும், அந்த நடையில் எத்தனை செருப்பு தேயும் என்பது தனிக்கதை.

கடைசி முறை போனபோது வளாகத்தின் பின்பக்க மதிலை அளந்துகொண்டிருந்தேன். வேப்பமரத்துக்குப் பின்னால் நாலைந்து ஹாலோ பிளாக் கற்களை யாரோ பெயர்த்து, ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டிருந்தார்கள். கல்லின் விளிம்புகள் தோள் உரசி உரசி மழுங்கியிருந்தன. அதிலிருந்து கார் நிறுத்துமிடத்தின் குறுக்கே முன்கேட் வரை ஒற்றையடிப் பாதை ஒன்று புல்லைத் தேய்த்துக்கொண்டு போயிற்று. வாட்ச்மேனைக் கேட்டேன். "பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க சார். சுத்திப் போனா ரெண்டு கிலோமீட்டருங்க, டவுன் பஸ் போயிருது. நான் பாக்காத மாதிரி இருந்துக்குவேன்" என்றார்.

வரைபடத்தில் அந்த ஓட்டையை இருபது அடி அகலத் தெருவாக வரைந்து, அதிலிருந்துதான் மற்ற எல்லாவற்றையும் அளந்திருக்கிறேன். உரிமையாளர் அதைப் பார்த்துவிட்டு, "இங்க சுவர் உடஞ்சிருக்குன்னு யாருமே எங்கிட்டச் சொல்லலையே" என்றார். கேட் சாவியை வாட்ச்மேனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். வரைபடம் உரிமையாளர் மேசையில் இருக்கிறது.