பள்ளிக்கரணையில் உள்ளான் பழகியது

கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, பூநாரை எல்லாம் வண்டியில் போகும்போதே சொல்லிவிடலாம். என்னைப் பாடாய்ப்படுத்துவது உள்ளான்கள் என்கிற, சேற்றில் ஓடித் திரியும் பழுப்புச் சிறுசுகள்தான். எல்லாம் ஒரே சாயல். இந்தக் குளிர்காலத்தில் அவற்றோடு பழகிவிடுவது என்று முடிவு செய்து, பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நாளில் நண்பர்களோடு சென்னையில் உள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போனேன். 2015 முதல் வருடாவருடம் நடக்கிற கணக்கெடுப்பு இது. ஓரிடத்தில் பதினைந்து நிமிடமாவது நின்று, கண்டதையெல்லாம் எண்ணி, பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்டு இணையதளத்தில் ஏற்ற வேண்டும்.

நாங்கள் நின்றது ரேடியல் சாலை ஓரம். முதுகுக்குப் பின்னால் லாரிகள், முன்னால் பூநாரைகள். 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டு, 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் ஏறிய சதுப்பு நிலம். காற்று திரும்பினால் பெருங்குடிக் குப்பைமேட்டு வாடையும் வரும். மழைநீர் ஒக்கியம் மடுவு என்கிற கால்வாய் வழியாக வடிய வடியத்தான் சேறு தலைகாட்டும், உள்ளான்களும் அங்கேதான் கூடும். அதனால் பைனாகுலரை எடுக்குமுன் சேறு எங்கே என்று தேடினோம். வெயில் முதுகில் படுகிற மாதிரி இடம் மாறி நின்றோம். எதிர்வெயிலில் எல்லாமே கறுப்பு பொம்மைதான்.

குழுவில் மூத்தவர் ஒருவர் சொன்ன வழி எனக்கு நன்றாக வேலை செய்தது. "தெரிஞ்ச ஒண்ணைப் பிடிச்சு வெச்சுக்கோங்க தம்பி, மத்ததை அதோட பக்கத்துல வெச்சுப் பாருங்க." நெடுங்கால் உள்ளானை யாரும் தவறவிட முடியாது, அவ்வளவு நீளமான இளஞ்சிவப்புக் கால். அதை அளவுகோலாக வைத்துக்கொண்டேன். அதைவிடச் சிறியதாய், முதுகெல்லாம் வெள்ளைப் பொறி தெளித்தது போல், கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவத்தோடு நின்றது பொறி உள்ளான். நிற்கும்போதும் வாலை ஆட்டிக்கொண்டே இருந்த இன்னொன்று சாதா உள்ளான். அதன் இறக்கைக்கு முன்னால் தோளை நோக்கி ஒரு வெள்ளை ஏறும். பச்சைக்காலியின் அலகு லேசாக மேல்நோக்கி வளைந்திருந்தது. நிறத்தை விட்டு, அலகையும் நடையையும் பார்க்கத் தொடங்கியதும் குழப்பம் பாதி குறைந்தது.

இடையில் கோரைக்குள்ளிருந்து ஒரு நீலத் தாழைக்கோழி வெளியே வந்தது. தண்டு ஒன்றைக் கடித்து இழுத்து, ஒரு காலால் கெட்டியாகப் பற்றி, வாயருகே தூக்கி, தோலை நறுக் நறுக்கென்று உரித்து உள்ளே இருந்த வெள்ளைச் சோற்றைத் தின்றது. எண்ணுவதை மறந்து எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்து இலைக்கோழிக்கு நீளவால் எங்கே என்று புதிதாக வந்த தோழி கேட்டாள். அது இனப்பெருக்கக் காலத்து அலங்காரம், குளிர்காலத்தில் கிடையாது.

தூரத்தில் தலையை முதுகில் செருகி ஒற்றைக்காலில் தூங்கிய கூட்டம் மட்டும் என்னவென்று பிடிபடவே இல்லை. அலகும் தெரியவில்லை, நடையும் இல்லை. அந்த நேரம் பார்த்து ஒரு சேற்றுப் பூனைப்பருந்து கோரை நுனிகளை உரசுகிற உயரத்தில் வந்தது. மொத்தச் சதுப்பும் எழும்பியது. நீலச்சிறகிகள் ஒரு பக்கம், ஊசிவால் வாத்துகள் ஒரு பக்கம். தூங்குமூஞ்சிகள் இறக்கையை விரித்ததும் நடுவே பளிச்சென்று வெள்ளைப் பட்டை, வாலில் கறுப்புக் கரை: கருவால் மூக்கன்! அவற்றோடு பறந்தவற்றில் சிலவற்றுக்கு இறக்கையின் பின்விளிம்பில் வெள்ளை; அவை பவளக்காலி. உட்கார்ந்திருந்தபோது மறைத்ததையெல்லாம் பறந்தபோது காட்டிவிட்டன. எண்ணிக்கைதான் மண்ணாய்ப் போனது. பத்துப் பத்தாகக் கண்ணால் கட்டு கட்டி, ஆளுக்கொரு தொகை சொல்லி, பொதுவான ஒன்றைப் பதிந்தோம்.

கொசு உள்ளான்கள் இன்னும் பாக்கி. அவற்றில் எது எந்த வகை என்று சொல்ல, கால் கறுப்பா, வெளிர்மஞ்சளா என்று பார்க்க வேண்டுமாம். இத்தனூண்டு பறவை, அதுவும் முழங்கால் சேற்றில். நண்பர் ஸ்கோப் (பெரிய தொலைநோக்கி) கொண்டுவருகிறேன் என்றிருக்கிறார். மரக்காணம் பக்கம் கழுவெளிச் சதுப்பு நிலத்தில் தண்ணீர் இறங்கட்டும், போய்ப் பார்க்கலாம்.