ஹோர்ட்டாவும் தடாகத்து யானையும்

ஆகஸ்ட் 30, 2025, சனி

பையனோடு சேர்ந்து ஸ்டார் ட்ரெக்கை முதலிலிருந்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். 1966-ல் தொடங்கி 1969-ல் நின்றுபோன, மொத்தமே 79 எபிசோட் உள்ள அந்தப் பழைய அமெரிக்க விண்வெளி டிவி சீரிஸ். மத்தியானம் திருப்பூரிலிருந்து வந்த தம்பி கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். "ஏனுங்க்கா, பாறையெல்லாம் அட்டையில செஞ்சு பெயிண்ட் அடிச்சாப்புல இருக்குது, இதையப் போயி இன்னும் பாக்கறீங்களே" என்றான். செட் அப்படித்தான் இருக்கிறது, அதில் வாதாட ஒன்றுமில்லை. ஆளைக் கரைத்து வேறு இடத்தில் இறக்கும் அந்த டிரான்ஸ்போர்ட்டர்கூட, கிரகத்துக்குக் கிரகம் கப்பல் தரையிறங்குவதைப் படமாக்கக் காசு கட்டுப்படியாகாததால் வந்த ஏற்பாடுதான்.

அவன் பார்ப்பதெல்லாம் உலகம் அழிந்து நாலு பேர் மிஞ்சி, அந்த நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் வெட்டிக்கொள்ளும் கதைகள். அதுதான் நிஜத்துக்குப் பக்கம் என்கிறான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏன் இல்லை என்று அவனிடம் கோர்வையாகச் சொல்ல வரவில்லை, அதனால் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

கோவை கணபதியில் எங்கள் மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் காலையிலிருந்து கூட்டம். அன்னூர் பக்கமிருந்து ஒருத்தர் எரிந்துபோன 3 ஹெச்பி மோட்டாரை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்து, "நாளைக்கே வேணுமுங்க, வாழை காயுது" என்று நின்றார். வீட்டுக்காரர் மூடியைக் கழற்றியதும் கருகல் நாற்றம் குப்பென்று அடித்தது. இரண்டு பேஸ் காயில் கரியாகக் கிடக்க, ஒன்று மட்டும் புதுசு மாதிரி பளபளவென்று இருந்தது. லைனில் ஒரு பேஸ் போனது தெரியாமல் ஓடவிட்டிருக்கிறார்கள். இவர் அதைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்.

இவர் சீரிஸ் பார்ப்பதே ஸ்காட்டிக்காகத்தான். கதை நடக்கும் எண்டர்பிரைஸ் என்கிற விண்கப்பலின் என்ஜினியர். எதிர்காலத்துக் கதைகளில் மெஷின் ஒன்று தானே ஒழுங்காக ஓடும், இல்லையென்றால் மனுஷனைக் கொல்லும். எண்டர்பிரைஸ் கப்பல் மக்கர் பண்ணும். உடனே ஒரு ஆள் ஜெஃப்ரீஸ் டியூபுக்குள் புகுந்து (கப்பலை வடிவமைத்த மேட் ஜெஃப்ரீஸின் பெயரைத்தான் அந்தச் சந்துக்கு வைத்திருக்கிறார்கள்) வயர்களுக்குள் கையை விட்டுச் சரிபண்ணுவார். கேப்டன் மேலே நின்று அவசரப்படுத்துவார், ஆனால் வேலை தெரிந்தவன் சொல்வதைத் தள்ளிவிட மாட்டார். கெட்டுப்போனதைச் சரிபண்ண முடியும், அதற்கு ஆள் இருக்கிறார்கள், அந்த ஆளுக்கு மரியாதையும் இருக்கிறது. பட்டறைக்காரர்களுக்கு இந்தச் சீரிஸ் பிடித்துப்போக இது போதும். ஸ்காட்டியைப் பார்த்துத்தான் இந்தப் படிப்புக்கே வந்தோம் என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். நடித்த ஜேம்ஸ் டூஹனுக்கு மில்வாக்கியில் ஒரு என்ஜினியரிங் கல்லூரி கௌரவ டாக்டர் பட்டமே கொடுத்தது.

செப்டம்பர் 8, திங்கள்

1966-ல் முதல் எபிசோட் அமெரிக்காவில் ஒளிபரப்பானது இதே தேதியில்தான். நல்ல காலத்தில் உட்கார்ந்துகொண்டு நல்லதாகக் கற்பனை பண்ணினார்கள் என்று தம்பி நினைக்கிறான். கியூபா ஏவுகணை நெருக்கடியில் உலகமே அணுகுண்டுக்குப் பயந்து நடுங்கி நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. வியட்நாமில் சண்டை நடந்துகொண்டிருந்தது. இங்கே அரிசிப் பஞ்சம். அப்பா பள்ளிக்கூடத்தில் அமெரிக்கக் கோதுமை உப்புமாவுக்குத் தட்டோடு வரிசையில் நின்ற காலம் அது.

அந்த நேரத்தில் சீரிஸை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி, கப்பலை நடத்தும் அறையான பிரிட்ஜில் யாரை உட்கார வைத்தார் என்று பாருங்கள். தகவல் தொடர்பு அதிகாரி உஹுரா, கறுப்பினப் பெண். கப்பலை ஓட்டும் சுலுவாக ஜார்ஜ் டக்கேய், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய வம்சாவளி என்பதற்காகவே சின்ன வயதில் குடும்பத்தோடு முகாமில் அடைக்கப்பட்டவர். இரண்டாவது சீசனில் செக்கோவ் என்று ஒரு ரஷ்யப் பையன், பனிப்போர் உச்சத்தில் இருக்கும்போதே. இதையெல்லாம் பற்றிக் கதையில் யாரும் லெக்சர் அடிக்க மாட்டார்கள். அவரவர் அவரவர் வேலையைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

உஹுராவாக நடித்த நிஷெல் நிக்கல்ஸ் முதல் சீசன் முடிந்ததும் விலகிக்கொள்ள இருந்தார். மார்ட்டின் லூதர் கிங் நேரில் பார்த்து, நீங்கள் போகக் கூடாது என்று சொன்னதால் தங்கிவிட்டதாக அவரே பின்னால் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். 1970-களின் கடைசியில் நாசாவுக்காகப் பெண்களையும் கறுப்பினத்தவரையும் விண்வெளி வீரர் வேலைக்கு விண்ணப்பிக்கச் சொல்லி ஊர் ஊராகப் போனார். சிகாகோவில் உஹுராவைப் பார்த்து வளர்ந்த மே ஜெமிசன் 1992-ல் விண்வெளிக்கே போய்விட்டு, அடுத்த வருஷம் ஸ்டார் ட்ரெக்கிலும் ஒரு எபிசோடில் தலைகாட்டினார். இதைப் பையனுக்குச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

செப்டம்பர் 14, ஞாயிறு

சின்னத்தடாகத்தில் அப்பா வீட்டுக்குப் போயிருந்தோம். மத்தியானம் பையன் அப்புச்சிக்கென்று ஒரு எபிசோட் போட்டான். 1967-ல் வந்தது, ஜீன் கூன் எழுதியது. ஒரு கிரகத்தில் சுரங்கம் தோண்டுகிறார்கள். பாறையைத் துளைத்துக்கொண்டு ஏதோ ஒன்று (ஹோர்ட்டா என்று அதற்குப் பெயர்) வந்து ஆட்களைக் கொல்கிறது, அம்பது பேருக்கு மேல் செத்தாயிற்று. எண்டர்பிரைஸ் வருகிறது. பையன் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டே வந்தான்.

சுரங்க மேனேஜர் மேஜைமேல் உருண்டையாக ஒரு கல் இருக்கும். கீழ்மட்டத்தில் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன, ஒன்றுக்கும் ஆகாது என்பார். அப்பா உடனே கேட்டார், "முட்டைங்களா அது, சாமி?" கதையில் அது தெரியவருவதற்கு ரொம்ப நேரம் முன்னாலேயே. பையன் வாயைத் திறக்கவில்லை.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. கொல்லாமல் பிடிக்க முடியாதா என்று முதலில் கேட்டது கப்பலின் வேற்றுக்கிரக அதிகாரி ஸ்பாக்தான், முடியாது என்றது கேப்டன் கிர்க். பிற்பாடு குகைக்குள் கிர்க் தனியாக அதன் எதிரில் மாட்டிக்கொள்ளும்போது, நண்பன் உயிர் என்றதும் ஸ்பாக் கொல்லச் சொல்கிறார். கிர்க் சுடவில்லை. அதன் உடம்பில் காயம் தெரிகிறது, இவர்கள் சுட்டதுதான். துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுகிறார். அப்புறம் ஸ்பாக் அதன் மனசோடு மனசு சேர்த்துப் பார்க்கும்போது வலியில் கதறுகிறார். அம்பதாயிரம் வருஷத்துக்கு ஒரு தடவை ஹோர்ட்டா இனமே அழிந்து ஒன்று மட்டும் மிஞ்சும், அது முட்டைகளுக்குக் காவல் இருக்கும். சுரங்கக்காரர்கள் உடைத்தது அத்தனையும் அதன் பிள்ளைகள்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. போன மாசம் யானை இறங்கி அவருடைய வாழையில் பாதியை மிதித்துவிட்டுப் போயிருக்கிறது. ராத்திரியில் டார்ச்சும் பட்டாசுமாகத் திரிகிறவர்தான். பிறகு சொன்னார்: "இந்தப் பள்ளத்தாக்குல செங்கல் சூளைக்கு எத்தன குழி தோண்டுனாங்க. ரெண்டு பனை ஆழம். சூளைய மூடி நாலு வருஷமாச்சு, குழி அப்படியே கெடக்குது. யானை அதும்பாட்டுக்குப் போயிட்டு வந்த தடமுங் கண்ணு அது." அப்புறம், "ஆனா வாழை போனது போனதுதான்."

செப்டம்பர் 15, திங்கள்

அப்பா கடைசியாகச் சொன்னது மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஹோர்ட்டா கதையில் முடிவு சுலபம். ஹோர்ட்டாக் குஞ்சுகள் சுரங்கம் தோண்டித் தரும், மனுஷனுக்கும் லாபம். யானையால் யாருக்கும் அப்படி லாபம் வராது, வாழைக்கு நஷ்டஈடு கொடுத்தாலும் பட்ட பாட்டுக்கு அது ஈடாகாது. அம்பது நிமிஷ எபிசோடில் தீர்வதுபோல இங்கே தீராது.

இருந்தாலும் முதலில் அடிப்பதை நிறுத்து, எதனால் வந்தது என்று கேள், யாருக்கு முதலில் அடிபட்டது என்று பார் என்கிற வரிசை இருக்கிறதே, அது இங்கேயும் பொருந்தும். இந்தச் சீரிஸின் நம்பிக்கை என்று நான் சொல்வது அந்த வரிசையைத்தான். மனுஷன் நல்லவன் என்று அது எங்கேயும் சத்தியம் பண்ணவில்லை. அந்தச் சுரங்கக்காரர்கள் தடியைத் தூக்கிக்கொண்டு ஹோர்ட்டாவைக் கொல்லத்தான் ஓடி வருகிறார்கள், நடந்தது என்னவென்று கேட்டதும் தடியைக் கீழே போடுகிறார்கள். இதைத் தம்பிக்கு அப்படியே அனுப்பினேன். "நெசத்துல கேக்க மாட்டாங்க" என்று பதில் போட்டான். அப்பா கேட்டாரே.

செப்டம்பர் 20, சனி

புரட்டாசி முதல் சனி. கோயிலுக்குப் போய்வந்து மூன்றாவது சீசனை முடித்தோம். ரசிகர்கள் கடிதம் கடிதமாக எழுதிப் போராடி வாங்கிய சீசன் அது, ஆனால் பட்ஜெட்டை வெட்டிவிட்டதால் பாதி எபிசோட் சவசவவென்று இருக்கிறது. பெண்களுக்குக் கொடுத்த குட்டைப் பாவாடை யூனிஃபார்மும் எனக்கு எப்போதுமே உறுத்தல். பைலட் என்று முதலில் எடுத்த சோதனை எபிசோடில் கேப்டனுக்கு அடுத்த பதவியில் ஒரு பெண் இருந்தாள், அவளையும் எடுத்துவிட்டார்கள். இன்னும் தைரியமாகச் செய்திருக்கலாம்.

பையன் 1987-ல் தொடங்கிய அடுத்த சீரிஸுக்குத் தாவ அவசரப்படுகிறான். அதில் முதல் சீசன் தடுமாற்றம்தான், இரண்டாவதில் டேட்டா என்கிற ரோபோவைப் பிரித்துப் பார்க்க ஒருத்தர் கிளம்ப, அது பொருளா, உரிமை உள்ள உயிரா என்று விசாரணை நடக்கும். அந்த எபிசோடைத் தம்பி இருக்கும்போதுதான் போட வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் ஆர்டர் அனுப்பும் வேலை முடிந்ததும் வருகிறானாம்.